தட்டை மாற்றப்போவது யார்?

ஒரு சின்னக் கேள்வி. பாட்டு முடிந்துவிட்டது. எழுந்து போய் அடுத்த தட்டைப் போடப்போவது யார்?

சிரிக்காதீர்கள்! கிராமபோன் காலத்திலிருந்து சிடி காலம் வரை, பெரிய பெரிய கம்பெனிகளின் இன்ஜினீயர்கள் இந்தக் கேள்விக்குத்தான் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருக்க வேண்டும், பாட்டு மட்டும் நிற்காமல் வர வேண்டும். அவ்வளவுதான் விஷயம்!

'வீட்டு ஸ்டீரியோவுக்கு 5 சிடி, 6 சிடி போடுகிற சேஞ்சர் ஒன்று வாங்கலாமா? எந்த வகை நல்லது?' என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அலமாரி நிறைய சிடி இருக்கிறது, போட்டுக் கேட்கத்தான் மெஷின் இல்லை. கடைக்காரரிடம் போனால், 'அதெல்லாம் இப்ப யாரு சார் கேக்குறாங்க?' என்று சிரிக்கிறார். நாம் சிரிக்க வேண்டாம். ஆனால், எதை வாங்குவது என்று முடிவு செய்வதற்கு முன்னால் கொஞ்ச தூரம் பின்னோக்கிப் போய்விட்டு வந்துவிடுவோமா?

முதலில் கச்சிராயபாளையம் போவோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறுகிற வழியில், கோமுகி அணைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். சுற்றிலும் கரும்பு, ஊரில் சர்க்கரை ஆலை, நிமிர்ந்து பார்த்தால் மலை. இந்த மாதிரி ஊர்களில் ஸ்டீரியோ வீட்டுக்குள் வருவதற்கு ரொம்ப காலம் முன்பே பாட்டு வந்துவிட்டது. எப்படி? மைக்செட்!

கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா... எதுவானாலும் முதல்நாளே மைக்செட்காரர் வந்து இறங்கிவிடுவார். தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவார். ஆம்ப்ளிஃபயரை ஒரு பெஞ்சில் வைப்பார். பக்கத்தில் ரெக்கார்டு பிளேயர், தகரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகள். சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு ஒலித்தால், 'ஆரம்பிச்சுட்டாங்கப்பா' என்று ஊருக்கே தெரிந்துவிடும். 'திருவிளையாடல்', 'வீரபாண்டிய கட்டபொம்மன்' கதை வசனங்கள் இசைத்தட்டில் திரும்பத் திரும்ப ஒலித்து, படத்தையே பார்க்காத சின்னப் பையன்கூட வசனத்தை ஒப்பிப்பான்!

அத்தனைக்கும் நடுவில் அந்த மனிதர் உட்கார்ந்திருப்பார். தட்டு முடியும்போது முள்ளைத் தூக்குவது, புரட்டிப் போடுவது, அடுத்தது என்ன என்று தீர்மானிப்பது எல்லாம் அவர்தான். பெண் அழைப்பு வரும்போது ஒரு பாட்டு, பந்தி நடக்கும்போது வேறு பாட்டு. சோகப் பாட்டு எதையாவது தப்பித்தவறிப் போட்டுவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வந்துவிடுவார்கள். நம்ம ஊரின் முதல் 'சேஞ்சர்' மெஷின் இல்லை... மனிதன்!

அவருக்கு ஏன் இத்தனை வேலை? தட்டு சின்னது, பாட்டு பெரிது. அதுதான் காரணம்.

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனி சார்பாக ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் என்கிற ஒலிப்பதிவு நிபுணர் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் பாடியதைப் பதிவு செய்தார். ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பாடும் சங்கீதம்... அதை மூன்று, நான்கு நிமிடத்துக்குள் அடக்கியாக வேண்டும். கௌஹர் ஜான் அடக்கிக் காட்டினார். பாட்டு முடிந்ததும் தன் பெயரையும் இங்கிலீஷில் சொல்லிவைத்தார். தட்டு அச்சானது ஜெர்மனியில். அங்கே இருப்பவர்களுக்கு இது யார் பாட்டு என்று தெரிய வேண்டாமா! 1908-ல் கல்கத்தாவின் சியால்டாவில் இசைத்தட்டுத் தொழிற்சாலை வந்த பிறகு, தட்டுகள் இங்கேயே அச்சாகத் தொடங்கின.

தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய மவுசு. எஸ்.ஜி.கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள் குரல்கள் இசைத்தட்டு வழியாக வீடு வீடாகப் போயின. ஏவி.எம். ஸ்டூடியோவை உருவாக்கிய ஏ.வி.மெய்யப்பன் படத்தொழிலுக்கு வருவதற்கு முன் என்ன செய்தார் தெரியுமா? சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் கிராமபோன் தட்டு வியாபாரம்! அந்தக் காலத்தில் நாடகங்களையே பல தட்டுகளில் பிரித்துப் பதிவு செய்து 'நாடக செட்' என்று விற்றார்கள். மூன்று நிமிடம் கதை கேட்க வேண்டியது, எழுந்திருக்க வேண்டியது, சாவி கொடுக்க வேண்டியது, முள்ளை மாற்ற வேண்டியது, அடுத்த தட்டைப் போட வேண்டியது. வள்ளியும் முருகனும் எதிரில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது, கதை நின்று போய்... கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்!

இதே எரிச்சல் மேல்நாட்டிலும் இருந்தது. 1927-ல் அமெரிக்காவின் விக்டர் கம்பெனி, தானே தட்டு மாற்றிக்கொள்ளும் விக்ட்ரோலா ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தது. பிறகு வந்த சேஞ்சர்களில் நடுவில் ஒரு நீளக் கம்பி இருக்கும். அதில் தட்டுகளை அடுக்கிவிட்டால், ஒன்று முடிந்ததும் அடுத்தது 'தொப்'பென்று அதன்மேல் விழும்.

இதற்காக இசைத்தட்டுக் கம்பெனிகள் செய்த தந்திரம் சுவாரசியமானது. நான்கு தட்டு கொண்ட செட் என்றால் மொத்தம் எட்டுப் பக்கம். முதல் பக்கத்தின் பின்னால் இரண்டாம் பக்கம் இருக்காது... எட்டாம் பக்கம் இருக்கும்! இரண்டின் பின்னால் ஏழு, மூன்றின் பின்னால் ஆறு. நான்கையும் அடுக்கினால் 1, 2, 3, 4 வரிசையாக ஓடும். பிறகு மொத்தக் கட்டையும் ஒரே தடவை புரட்டிப் போட்டால் 5, 6, 7, 8. எட்டுத் தடவை எழுந்தவர் இப்போது இரண்டே தடவை எழுந்தால் போதும்!

ஆனால், ஒரு கோளாறு. தட்டுமேல் தட்டு விழுகிறதே... தூசியோடு உரசிக் கீறல் விழாமல் இருக்குமா? சொகுசுக்குக் கொடுத்த விலை அது.

1948-ல் எல்பி வந்தது. ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடியது. 1963-ல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டைக் கொண்டுவந்தது. 60, 90 நிமிடம் ஓடும், சட்டைப் பையில் அடங்கும். நம் ஊர் டீக்கடைகளில் கேசட் நுழைந்ததும் மைக்செட்காரருக்குப் பாதி வேலை போச்சு.

அடுத்ததாக, 1982 அக்டோபர் 1. ஜப்பானில் சோனியின் 'சிடிபி-101' விற்பனைக்கு வந்தது. விலை 1,68,000 யென். உள்ளே போகிற சிடியின் அகலமோ வெறும் 12 சென்டிமீட்டர். அதில் 74 நிமிட இசை! முள் கிடையாது. லேசர் ஒளி அடியிலிருந்து படிக்கிறது, உரசலே இல்லை. அதுவும் தலைகீழாக... கிராமபோன் தட்டு வெளி விளிம்பிலிருந்து உள்ளே போகும். சிடி உள்ளேயிருந்து ஆரம்பித்து வெளியே வரும். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்!)

சில வருடங்களிலேயே சிடி சேஞ்சர்களும் வந்துவிட்டன. அவற்றில் மூன்று வகை.

முதல் வகை, சுழல் தட்டு. ஒரு பெரிய வட்டத் தட்டில் 3 அல்லது 5 சிடிக்களை பந்தி இலை போலப் பரப்பி வைப்போம். தட்டு சுழன்று சுழன்று ஒவ்வொன்றாக லேசருக்கு நேரே கொண்டுவரும். நம் ஊர் வீடுகளில் இடம்பிடித்த மினி சிஸ்டங்களில் நிறைய, இந்த 3 சிடி வகைதான்.

இரண்டாவது, 'மேகஸின்' வகை. பயனியர் கம்பெனி இதற்குப் பேர்போனது. ஆறு சிடிக்களை ஒரு சின்னப் பெட்டிக்குள் அடுக்கி, அந்தப் பெட்டியை மெஷினுக்குள் தள்ள வேண்டும்.

மூன்றாவது, பூதம்! 200, 300, 400 சிடிக்களை நிற்க வைத்து விழுங்கிவிடும் ராட்சத மாடல்கள். லைப்ரரியே உள்ளே இருக்கும். ஆனால், 237-ம் இடத்தில் என்ன சிடி வைத்தோம் என்பதைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வைக்காவிட்டால் தேடித் தேடியே பொழுது விடிந்துவிடும்.

சரி, இவ்வளவு பிரமாதமான யந்திரம் ஏன் காணாமல் போனது? கொன்றது இன்னொரு சிடிதான்! ஆமாம், எம்பி3 சிடி. ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 1 எம்பி என்று சுருக்கினால், 700 எம்பி சிடியில் 12 மணி நேரப் பாட்டு அடங்கும். பஸ் ஸ்டாண்ட் கடையில் ஒரே தட்டில் 150 பாட்டு கிடைத்தால், ஐந்து தட்டு மெஷின் எதற்கு? அப்புறம் பென்டிரைவ், செல்போன்... கதை முடிந்தது.

ஒன்றைக் கவனித்தீர்களா? ஒரு தட்டில் கொஞ்சமாகப் பாட்டு இருந்தவரை சேஞ்சருக்கு மரியாதை. தட்டு நீள நீள அதன் மரியாதை குறைந்துகொண்டே வந்தது. எந்த சேஞ்சர் வாங்கலாம் என்ற கேள்விக்கு வரலாறு சொல்லும் பதிலும் இதுதான். கடையில் நிற்கும் மெஷினைப் பார்க்காதீர்கள். உங்கள் அலமாரியைப் பாருங்கள். ஒரே மூச்சில் எத்தனை சிடி கேட்பீர்கள்?

சினிமாப் பாட்டு என்றால் ஒரு படத்துக்கு அரை மணி நேரம்தான். இரண்டு, மூன்று படங்கள் ஒரே சிடியில் இருக்கும். 3 சிடி மெஷின் தாராளம். கச்சேரி ரசிகரா? மூன்று மணி நேரக் கச்சேரிக்கு மூன்று சிடி. அப்படியானால் 5 சிடி சுழல் தட்டு. ஒன்று பாடிக்கொண்டிருக்கும்போதே மற்றவற்றை மாற்றிக்கொள்ளும் வசதியும் பல மாடல்களில் உண்டு.

6 சிடி யாருக்கு? நம் பக்கத்துக் கூத்து ரசிகருக்கு! ராத்திரி பத்து மணிக்குக் களரி கட்டி விடியவிடிய நடக்கிற 'கர்ண மோட்சம்' எட்டு மணி நேரம் என்று வையுங்கள். 74 நிமிடத்தால் வகுத்தால் ஆறரை சிடி. ஜப்பான்காரன் கூத்து பார்த்துவிட்டுத்தான் மேகஸினில் ஆறு அறை வைத்தானோ என்று தோன்றுகிறது! ஒரு சங்கடம், அந்த மேகஸின் பெட்டி உடைந்தால் மாற்றுப் பெட்டி கிடைப்பது கஷ்டம். அதனால், நாள்பட உழைக்க வேண்டும் என்றால் சுழல் தட்டுதான் என் ஓட்டு. அதில் பாகங்கள் குறைவு, கோளாறும் குறைவு. மூடியைத் திறந்தால் மெக்கானிக்குக்கு எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது பெரும்பாலும் பழைய மெஷின்தான் கிடைக்கும். வாங்கப் போகும்போது உங்கள் சிடிக்களையே கையோடு எடுத்துப் போங்கள். எல்லா இடத்திலும் சிடி போட்டுச் சுழலவிடுங்கள். தட்டு திணறினால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், மாற்றிவிடலாம். பல் சக்கரம் உடைந்திருந்தால் வேண்டாம். நீளமான சிடி ஒன்றின் கடைசிப் பாட்டைக் கட்டாயம் கேளுங்கள். சிடி உள்ளேயிருந்து வெளியே ஓடுகிறது என்று சொன்னேனே... லேசர் நகரும் தண்டவாளம் பழுதாக இருந்தால், முதல் பாட்டு ஜோராகப் பாடிவிட்டுக் கடைசிப் பாட்டில் குட்டு வெளிப்பட்டுவிடும். எம்பி3 சிடியும் விசிடியும் பழைய ஆடியோ மெஷினில் ஓடாது. வீட்டுக்கு வந்த பிறகு துணி போட்டு மூடி வையுங்கள், எறும்பும் பல்லியும் கதகதப்பான பெட்டியைத்தான் தேடும்!

இவ்வளவு பாடு எதற்கு, எல்லாப் பாட்டும்தான் செல்போனில் வருகிறதே என்கிறீர்களா? எல்லாம் வருவதில்லை. கம்பெனி சிடி அச்சில் வார்த்தது, நாள்பட நிற்கும். ஆனால், கம்ப்யூட்டரில் வைத்து நாமே எழுதிய சிடியில் பாட்டைத் தாங்கி நிற்பது ஒரு மெல்லிய சாயப் பூச்சு. வெயில், சூடு, ஈரம் பட்டால் சாயம் போகும், கூடவே குரலும் போய்விடும். ஊர்க் கூத்துக் கலைஞரின் பாட்டு, தாத்தா பாடிய பஜனை, அப்பாயி சொன்ன கதை என்று பத்து, இருபது வருஷத்துக்கு முன்னால் ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதி அலமாரியில் போட்டோமே, அதெல்லாம் இந்த ரகம்தான். அவற்றுக்கு இரண்டாவது காப்பி உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

சேஞ்சரை மெதுவாகத் தேடிக்கொள்ளலாம். சிடி போடுகிற பழைய கம்ப்யூட்டர் பக்கத்து வீட்டில் இருந்தாலும் போதும், முதலில் அந்தக் குரல்களைக் காப்பி எடுத்துவிடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே!