கடைசி நொடியில் சென்டரை வெளியே எடுப்பது சரியா?

1992-ல் திருச்சியில் ஒரு கல்லூரிகளுக்கு இடையேயான கூடைப்பந்து ஆட்டம். நான் 6 அடி 2 அங்குலம், அதனால் எங்கள் அணியின் சென்டர். பத்து நொடி பாக்கி, நாங்கள் 3 புள்ளி முன்னிலை. பி.டி. சார் என்னை வெளியே கூப்பிட்டு, என் தோள் உயரம்கூட இல்லாத ஒரு பையனை உள்ளே அனுப்பினார். ஜெயித்தோம். எல்லோரும் குதித்தார்கள், நான் குதிக்கவில்லை. குரூப் போட்டோவில்கூட நிற்கவில்லை. புனேவுக்கு வேலைக்கு வந்து குடும்பம், குழந்தை என்று ஆன பிறகும் அந்தக் கோபம் ஓர் ஓரத்தில் இருந்தது. 2013-ல்தான் அது தீர்ந்தது. அந்தக் கதைதான் இது.

கூடைப்பந்து தெரியாதவர்கள் ஓடிவிட வேண்டாம், இரண்டே விஷயம்தான் :-) சென்டர் என்பவர் பொதுவாக அணியிலேயே உயரமானவர். கூடைக்குப் பக்கத்தில் நின்று எதிராளியின் லே-அப்பைத் தடுப்பதும், தவறி வரும் பந்தை ரீபவுண்ட் பிடிப்பதும் அவர் வேலை. ஆனால் வெளிக்கோட்டுக்கு ஓடிப்போய் த்ரீ பாயிண்டர் அடிப்பவரை மறிப்பதில் பலர் மெதுவானவர்கள். அதனால் கடைசி நொடிகளில் கோச்சுகள் அவரை உட்கார வைத்து, வேகமான ஒருவரை இறக்குவார்கள். அப்போதுதான் தடுப்பவர்கள் ஐந்து பேரும் தேவைப்படும்போது ஆள் மாற்றிக்கொண்டு மறிக்க முடியும்.

2013 மே 22, மயாமி. நமக்கு மறுநாள் காலை. கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம், ஓவர்டைம். இந்தியானா அணியின் பால் ஜார்ஜ் மூன்று ஃப்ரீ த்ரோவையும் போட்டு 102-101 என்று முன்னிலை தந்தார். பாக்கி 2.2 நொடி. கோச் ஃப்ராங்க் வோகல், 7 அடி 2 அங்குல ராய் ஹிபர்ட்டை பெஞ்சில் உட்கார வைத்தார். காரணம், மயாமியின் சென்டர் க்ரிஸ் பாஷ் தூரத்திலிருந்தும் பந்து போடக்கூடியவர். லெப்ரான் ஜேம்ஸ் பந்தை வாங்கினார், ஜார்ஜைத் தாண்டினார், நேராகக் கூடைக்குப் போனார். அங்கே மறிக்க ஆளே இல்லை. 103-102. அடுத்த முறை ஹிபர்ட் பெரும்பாலும் உள்ளே இருப்பார் என்று வோகலே பிறகு சொன்னார்.

சரியாக 27 நாள் கழித்து, ஜூன் 18. அதே மைதானம், இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். சான் அன்டோனியோ 3-2 என்று முன்னணியில் இருந்தது. இதை ஜெயித்தால் கோப்பை. டிம் டங்கன் அன்று 30 புள்ளி, 17 ரீபவுண்ட். 28 நொடி இருக்கும்போது 5 புள்ளி முன்னிலை. கோப்பை கொடுக்க மைதானத்தைச் சுற்றி மஞ்சள் கயிறுகூடக் கொண்டுவந்துவிட்டார்கள். கோச் க்ரெக் போபோவிச் தடுப்பாட்டத்துக்கு டங்கனை வெளியே எடுத்தார். லெப்ரானின் முதல் த்ரீ தவறியது. பந்து மறுபடி மயாமியிடமே வந்து, இரண்டாவது விழுந்தது. பிறகு 95-92. மீண்டும் டங்கன் பெஞ்சில். லெப்ரானின் த்ரீ தவறியது. பாஷ் ரீபவுண்ட் பிடித்து மூலையில் இருந்த ரே ஆலனிடம் தள்ளினார். 5.2 நொடி பாக்கி இருக்கும்போது 95-95! பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை ஆளை மாற்ற முடியாது. டங்கன் உட்கார்ந்தபடி பார்க்க வேண்டியதுதான். ஓவர்டைமில் மயாமி 103-100 என்று வென்றது.

நான் டிபன் தட்டோடு டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். "ஆபீஸ் போகலையா?" என்று மனைவி கேட்டது காதில் விழவே இல்லை.

இந்த இரண்டையும் ஒரே தப்பு என்று பலர் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வோகலின் அணி 1 புள்ளிதான் முன்னிலை. எதிரிக்கு எந்தக் கூடை விழுந்தாலும் போதும், இருப்பதிலேயே சுலபமானது லே-அப். அந்த வழியைக் காப்பவரையே அவர் எடுத்துவிட்டார். போபோவிச் 3 புள்ளி முன்னிலையில் இருந்தார். அவரை ஒரே வீச்சில் சமன் செய்ய த்ரீ மட்டுமே உதவும். லே-அப்பைக் காப்பதில் பெரிய பயன் இல்லை. அவர் கணக்கு சரி, த்ரீயும் தவறவே செய்தது. ஆனால் பந்து தவறுவதோடு தடுப்பாட்டம் முடிவதில்லை, ரீபவுண்ட் பிடித்தால்தான் முடியும். அந்த விலை அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தே எடுத்த முடிவு.

ஏழாவது ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் டங்கன் உள்ளேதான் இருந்தார். 2 புள்ளி பின்தங்கிய நிலையில் கூடைக்குப் பக்கத்திலிருந்து போட்டதைத் தவறவிட்டு, தரையை ஓங்கி அறைந்தார். மயாமி 95-88. அடுத்த வருஷம், 2014-ல், அதே டங்கனும் அதே கோச்சும் அதே மயாமியை 4-1 என்று வென்றார்கள். பெஞ்சில் உட்காரவைத்த கோபம் அவருக்குள் இருந்திருந்தாலும், அது அணியைப் பிரிக்கவில்லை.

ஹிபர்ட்டுக்குக் காலம் கைகொடுக்கவில்லை. 2015 இறுதிச் சுற்றில் 1-2 என்று பின்தங்கிய கோல்டன் ஸ்டேட், நான்காவது ஆட்டத்தில் சென்டர் போகட்டுக்குப் பதில் இகுவோடாலாவோடு ஆட்டத்தையே தொடங்கியது. அடுத்த மூன்றையும் வென்று கோப்பையைத் தூக்கியது. கடைசி நொடித் தந்திரமாக இருந்தது முதல் நொடிக்கே வந்துவிட்டது. கூடையை மட்டும் காக்கும் மெதுவான சென்டர்களுக்கு இடம் குறைந்தது. 2012-லும் 2014-லும் ஆல் ஸ்டாராக இருந்த ஹிபர்ட்டின் என்பிஏ ஆட்டம் 2016-17 பருவத்தோடு முடிந்தது.

அந்த ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை பி.டி. சாருக்குப் போன் செய்தேன். ரிட்டயர் ஆகி ஸ்ரீரங்கத்தில் இருந்தார். சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தேன்.

"இருபத்தோரு வருஷமா இதையா வச்சுக்கிட்டு இருந்தே?" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "அவன் போட்டது தவறி, ரீபவுண்டும் அவங்க கைக்கே போயிருந்தா ஊரே என்னைத்தான் திட்டியிருக்கும். அது தெரிஞ்சுதாம்ப்பா உன்னை எடுத்தேன்."

அன்று ஜெயித்ததால் அந்த முடிவைப் பற்றி யாருமே பேசவில்லை, என்னைத் தவிர. பலித்த முடிவுகளுக்குச் சரித்திரத்தில் இடமில்லை போலிருக்கிறது. அடுத்த முறை திருச்சி போனபோது சாரைப் பார்த்து, இருவரும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டோம்.