யாருக்குக் குத்தகை? துரை முடிவு முதல் திறந்த குத்தகை வரை

மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டவர் தான் சாய் யான். இடம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங், ஆண்டு 1896. பால்மரம் வெட்ட வந்த தமிழர்களின் பிள்ளைகளுக்குப் பின்னர் தோட்டப் பள்ளிகள் எழுந்தன. அவற்றைக் கட்டுவது யார் என்பதை முடிவு செய்தது நிர்வாகம். லயத்து மக்களை யாரும் கேட்கவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பள்ளிகள் பட்டணங்களுக்கு இடம் மாறியபோது நிலைமை மாறியது. பல தமிழ்ப்பள்ளிகள் அரசாங்கத்தின் பகுதி உதவி மட்டுமே பெறுபவை. மானியம் போக மிச்சத்தைப் பொதுமக்கள் தருகிறார்கள். துரையிடம் இருந்த அதிகாரம் பள்ளி வாரியத்தின் மேசைக்கு வந்தது. குத்தகையாளரை எந்த வழியில் நியமிப்பது?

அரசாங்கப் பணத்துக்கு 1957ஆம் ஆண்டின் நிதி நடைமுறைச் சட்டமும் கருவூல விதிகளும் வழி வகுத்தன. சிறு வேலைக்குக் குலுக்கல் அல்லது விலைப்புள்ளி. பெரிய வேலைக்குத் திறந்த குத்தகை. அவசரம் போன்ற சிறப்புக் காரணங்களுக்கு நேரடிப் பேச்சு. திறந்த குத்தகை என்றால் விளம்பரம், விலை தர 21 நாள் அவகாசம், முத்திரையிட்ட விலைகள் என்பது மரபு.

'தெரிந்தவர், நல்லவர்' என்று நேரடியாக ஒருவரை அமர்த்தினால் வேலை விரைவில் தொடங்கும். ஆனால் அந்த விலை நியாயமானதா என்பதை நேர்மையான வாரியம்கூட நிரூபிக்க முடியாது.

திறந்த குத்தகையிலும் கண்ணி உண்டு. வரைபடமும் அளவுப் பட்டியலும் முடியாமல் விலை கேட்டால், ஆளுக்கொரு கட்டடத்தை மனத்தில் வைத்து விலை சொல்வார்கள். மிகக் குறைந்த விலைக்கு எடுத்தவர் பிறகு 'கூடுதல் வேலை' என்று பணம் கேட்பார். இல்லையேல் பாதியில் விட்டுப் போவார். பொதுப்பணித் துறை இதை அறிந்தே, நம்ப முடியாத அளவு குறைந்த விலைகளைக் கழித்துவிட ஒரு வெட்டுவரம்பைக் கணக்கிட்டது.

ஆகவே நடுத்தர வேலைக்கு ஏற்ற வழி இது: முதலில் பொறியாளரின் மதிப்பீடு; பிறகு, 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்து, ஜி1 முதல் ஜி7 வரையிலான தரங்களில் அவ்வேலைக்கு உரிய தரம் பெற்ற ஐந்து பேரிடம் ஒரே வரைபடத்துக்கு விலை; இறுதியில் உறுதிப்பணத்துடன் ஒப்பந்தம்.

2025 ஆகஸ்டில் மக்களவை அரசாங்கக் கொள்முதல் மசோதாவை நிறைவேற்றியபோதும் இதே வாதம் எழுந்தது: விதிவிலக்கு தரும் அதிகாரம் யாருக்கு?

வசூல் புத்தகத்தில் பத்து வெள்ளி எழுதியவருக்கும் இதைக் கேட்க உரிமை உண்டு. வந்த விலைகளையும் ஒருவரைத் தேர்ந்த காரணத்தையும் பொதுக்கூட்டத்தில் வாசிக்கும் வாரியத்துக்கே அடுத்த வசூலில் கதவு திறக்கும்.