படம் பாடிய பட்டுவாக்கள்

சிறுவர் நூல்களிலும் திருமண அழைப்பிதழ்களிலும் துணிப்பைகளிலும் நாட்டுப்புற ஓவியக் கோடுகள் இன்று மிகுதியாகக் காணப்படுகின்றன. பாட்டனார் காலத்து நினைவை எழுப்பும் அக்கோடுகளுக்குப் 'பாரம்பரியம்' என்னும் பெயரும் எளிதில் கிடைத்துவிடுகிறது. ஆனால் அவற்றை முதலில் எழுதிய கை யாருடையது, அக்கைக்குரியவர் என்ன வாழ்வு வாழ்ந்தார் என்று வினவுவோர் மிகச் சிலரே. வங்காளத்துப் பட்டுவாக்களின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருவது. அவர்கள் முஸ்லிம்கள் என்பதால் நாம் அதனை அறிந்திருத்தல் இன்னும் பொருத்தமாகும்.

'பட' என்னும் வடசொல் துணியைக் குறிக்கும். நம் 'படம்' அதன் வழி வந்ததே. வங்காளத்தார் 'பட்' என்பர். துணி ஒட்டிய நீண்ட தாளில் கட்டங்கட்டமாகக் கதையை எழுதிச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்வார் பட்டுவா. வீட்டு முற்றத்தில் அமர்ந்து, சுருளை மெல்ல விரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் சுட்டிப் பாடுவார். பாட்டு முடிந்ததும் அரிசியும் சில்லறையும் கிடைக்கும். மேற்கு மெதினிப்பூர் மாவட்டத்தில் பிங்களாவை அடுத்த நயா என்னும் சிற்றூர் இன்று இக்கலைக்குப் பேர்பெற்றது. சங்குப்பூவில் நீலம், மஞ்சளில் மஞ்சள், விளக்குப் புகையில் கருமை என்று நிறங்கள் யாவும் தோட்டத்திலும் அடுப்படியிலும் பிறப்பவை. வில்வப் பழத்தின் பிசினைக் கலந்து அவற்றை நிலைக்கச் செய்வர். நோன்புக் காலத்தில் சஹருக்கு எழுப்பத் தாயிரா கொட்டிப் பாடிவரும் நம் பக்கீர்சாக்களை அறிந்தவர்க்குப் பட்டுவாவின் பிழைப்பு முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது.

இவர்களுக்கு இரண்டு பெயர்கள் இருப்பது வழக்கம்: ஒன்று முஸ்லிம் பெயர், மற்றொன்று இந்துப் பெயர். 'சித்ரகர்' என்பது குடிப்பெயர். நிக்காஹ், சுன்னத்து, ஜனாஸா ஆகியன மார்க்க முறைப்படியே நடைபெறும். சுருளிலோ மனசாதேவியும் பெகுலாவும் கண்ணனும் சீதையும் இடம்பெறுவர். சத்திய பீரும் காஸிப் பீரும் அவ்வாறே வருவர். உயிருள்ளவற்றின் உருவத்தை வரைதல் கூடாதென்பது பெரும்பான்மை உலமாக்களின் முடிவு. உருவமளிப்பவன் எனப் பொருள்படும் 'அல்-முஸவ்விர்' அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்றாதலை எண்ணினால் அம்முடிவின் கருத்து விளங்கும். எனவே பட்டுவாக்களைத் தம்மவர் எனக் கொள்ள முஸ்லிம்களில் பலர் தயங்கினர். மறுபுறத்தில், பிரம்மவைவர்த்த புராணம் சித்ரகரரை விசுவகர்மாவின் ஒன்பது மக்களுள் ஒருவராகக் கூறி, விதிக்கு மாறாகப் படம் எழுதியமையால் அவர் சாபத்திற்குள்ளாகித் தள்ளப்பட்டார் என்கிறது. இரு சாராராலும் தள்ளிவைக்கப்பட்டவர் இரு சாராரின் கதைகளையும் காத்துவந்தனர். மார்க்கத் தீர்ப்பை ஈண்டு ஆராய்வது என் நோக்கமன்று; மதரஸாவில் பயின்றவன் என்ற முறையில் அதன் கனத்தை அறிவேன். நடந்ததை நடந்தவாறு எழுதுவதே வரலாற்றுக் கட்டுரையின் கடன்.

அவர்களின் சுருள்களுள் காஸிப் பீரின் சுருள் தனிச் சிறப்புடையது. 1800ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட ஒன்று இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் நீளம் சுமார் 13 மீட்டர். சுந்தரவனத்துப் புலிகளை அடக்கியவராகப் போற்றப்படும் பீர் அதில் புலிமேல் வீற்றிருக்கிறார். வியப்பு என்னவெனில், காஸியின் சுருள்களில் இறுதிக் கட்டங்களுக்கு யமனின் தூதர் வந்துவிடுவர். ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் இயற்றிய ஹர்ஷ சரிதத்திலேயே, கடைத்தெருவில் சிறுவர் சூழ யமபடத்தைக் காட்டி மறுவுலகை விளக்கும் ஒருவன் வருகிறான். பீர் வந்த பின்னும் அந்த யமன் சுருளை விட்டு அகலவில்லை.

இத்துணைப் பழமையுடையது என்பதனால் இதனை மாறாத கலை என எண்ணுவோர் ஏமாறுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிராமங்களினின்று கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்த பட்டுவாக்களும் பிறரும் காளிகட்டக் கோயிலருகே கடை விரித்தனர். ஆலைத்தாளில் நீர்வண்ணம் கொண்டு விரைந்து எழுதி, யாத்திரிகர்க்கு மலிவாக விற்றனர். தெய்வ உருவங்களோடு நகரத்துப் போலி நாகரிகமும் அவர்தம் தூரிகைக்கு இலக்காயிற்று. 1873இல் தாரகேசுவரத்து மகந்தோடு தொடர்புற்றாள் என்று எலோகேசி என்னும் பெண்ணைக் கணவனே கொன்ற வழக்கைக் காட்சி காட்சியாக எழுதி விற்றனர். அதாவது, அன்றைய செய்தித்தாளும் அவர்களே! பின்னர் ஜெர்மனியில் அச்சான மலிவு வண்ணப்படங்கள் வந்து குவிந்தன; காளிகட்டக் கடைகள் மூடுண்டன.

படித்தவர்களின் ஏக்கம் அதன் பிறகே தொடங்குகிறது. மேனாட்டு முறையில் பயின்ற யாமினி ராய் (1887–1972) 1920களில் அதனைக் கைவிட்டு, பட்டின் தடித்த கோட்டையும் தட்டை வண்ணத்தையும் தமதாக்கிக்கொண்டார். 1938இல் ஹரிபுரா காங்கிரசு மாநாட்டிற்கு நந்தலால் போஸ் எழுதிய சுவரோவியத் தட்டிகளிலும் பட்டின் சாயலைக் காணலாம். இருவரும் பெருங்கலைஞர், ஐயமில்லை. எனினும் கோட்டைத் தந்தவர் பெயரின்றியே இருந்தனர் என்பதை நாம் மறைத்தல் ஆகாது.

அந்நிலை நம் காலத்தில் ஓரளவு மாறியது. சென்னையிலுள்ள தாரா புக்ஸ் பதிப்பகம் பட்டுவாக்களைக் கொண்டே நூல்களை ஆக்கியது. சம்ஹிதா ஆர்ணியின் உரையோடு மொய்னா சித்ரகர் எழுதிய சீதையின் இராமாயணம் 2011இல் வந்தது. அதற்கு முந்திய ஆண்டில் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆர்தர் பிளவர்சின் உரைக்கு மனு சித்ரகர் படம் எழுத, மார்ட்டின் லூதர் கிங்கின் வாழ்க்கை மெதினிப்பூர்க் கோடுகளில் உருப்பெற்றது. நிறத்தின் பெயரால் ஒதுக்கப்பட்டோரின் கதையை, இரு பக்கமும் ஒதுக்கப்பட்ட குலத்தின் கை எழுதியதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. முதல் அட்டையிலேயே ஓவியரின் பெயர் அச்சாவது சிறிய செய்தியன்று. கோட்டை மட்டும் கழற்றிக் கொண்டுபோய்ப் பைகளில் அச்சிடும் வணிகத்திற்கும் இத்தகைய நூல்களுக்கும் உள்ள வேறுபாடு அப்பெயரில்தான் இருக்கிறது.

ஆனால் பாட்டு? நயாவில் துக்குஷ்யாம் சித்ரகர் பெண்கள் பலருக்கும் படத்தோடு பாடலையும் கற்பித்தார். இன்று வாங்க வருவோர் கேட்பதோ பெரும்பாலும் சுவரில் மாட்டத்தக்க ஒற்றைச் சதுரப் படம். அதற்குப் பாட்டு வேண்டியதில்லை. கிராமத்துப் பழங்கதையாக இருந்தால் நன்று என்றும் சிலர் கேட்கின்றனர். அவர்களின் ஏக்கத்திற்குக் கலைஞன் பழமையை விளைவித்துத் தரவேண்டும் போலும்! பட்டுவாவின் மரபோ புதியதைப் பாடுவது. 2001 செப்டம்பரில் நியூயார்க்குக் கோபுரங்கள் வீழ்ந்ததையும் அவர்கள் சுருளாக்கிப் பாடினர்.

2004 டிசம்பர் 26இல் நாகை, கடலூர்க் கரைகளை அழித்த ஆழிப்பேரலையையும் அவர்கள் பாடினர். சுருள்களில் கடல் பெரும் அரக்கமுகமாகி விழி பிதுங்க நிற்கும். அதன் அலைகளில் வீடுகளும் ஆடுமாடுகளும் மக்களும் மிதப்பர். ஜயதேவ் சித்ரகரும் மொய்னா சித்ரகரும் எழுதிய அத்தகைய சுருள் ஒன்றை 2009இல் அதே பதிப்பகம் கையால் அச்சிட்டு, மடிப்பு மடிப்பாக விரியும் நூலாக வெளியிட்டது. நம் கரையில் இறந்தவர்க்காக வங்காளத்தில் பாடப்பட்ட ஒப்பாரி அது. பக்கங்களை விரித்துக்கொண்டே போகலாம். விரலால் சுட்டவும் செய்யலாம். பாடுவதற்கு மெதினிப்பூரிலிருந்து ஒருவர் வரவேண்டும்.