அமுக்க விகிதமும் கேம்ஷாஃப்டும்: பழைய மசில் கார் எஞ்சினில் எதை முதலில் தீர்மானிப்பது?

1964ஆம் ஆண்டு மாடலாகப் பான்டியாக் ஜி.டி.ஓ. வெளிவந்தது. அதைத் தொடர்ந்த சில ஆண்டுகளில் டெட்ராய்ட் நகரத்து நிறுவனங்கள் உருவாக்கிய மசில் கார்களின் வி8 எஞ்சின்களை இன்று புதுப்பிப்பவர்கள், இரண்டு கேள்விகளைத் தனித்தனியே எழுப்புகிறார்கள். அமுக்க விகிதத்தை எவ்வளவு உயர்த்தலாம் என்பது ஒன்று; எந்தக் கேம்ஷாஃப்டைப் பொருத்தலாம் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பிஸ்டன் விற்பவரின் பட்டியலிலும் இரண்டாவதற்குக் கேம்ஷாஃப்ட் விற்பவரின் பட்டியலிலும் விடை தேடப்படுகிறது. இவை இரண்டும் ஒரே கேள்வி என்பதும், அதற்கு விடை காண்பதில் ஒரு வரிசை உண்டு என்பதும் இக்கட்டுரையின் வாதம். வண்டி எந்தச் சுழற்சி வேகத்தில் ஓடப்போகிறது என்பது கேம்ஷாஃப்டைத் தீர்மானிக்க வேண்டும். கேம்ஷாஃப்ட் இன்லெட் வால்வை மூடும் கணம் அமுக்க விகிதத்தைத் தீர்மானிக்க வேண்டும். எரிபொருள் அதற்கு மேல்வரம்பு இட வேண்டும்.

அமுக்க விகிதத்தை உயர்த்துவதால் கிடைக்கும் பலன் பலரும் நம்புவதைவிடச் சிறியது. பெட்ரோல் எஞ்சினின் மாதிரியான ஓட்டோ சுழற்சியின் இலட்சியத் திறன், அமுக்க விகிதத்தையும் வாயுவின் தன்வெப்ப விகிதத்தையும் மட்டுமே பொறுத்தது. பின்னதை 1.4 எனக் கொண்டால், 8 என்ற அமுக்க விகிதத்தில் திறன் 56.5 சதவீதம், 9இல் 58.5, 10இல் 60.2, 11இல் 61.7. எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போகும்போது 3.5 சதவீத முன்னேற்றமும், பத்திலிருந்து பதினொன்றுக்குப் போகும்போது 2.5 சதவீத முன்னேற்றமும் கிடைக்கின்றன. வெப்ப இழப்பும் உராய்வும் உள்ள உண்மையான எஞ்சினில் திறன் இதைவிடக் குறைவு. ஆனால் ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிடக் குறைவாகவே தரும் என்ற போக்கு அங்கும் மாறுவதில்லை. கலவை தானே பற்றிக்கொள்ளும் நாக்கிங் ஆபத்தோ படிக்குப் படி கூடிக்கொண்டே போகிறது.

ஆனால் இந்தக் கணக்கு, பிஸ்டன் கீழ் முடிவில் இருக்கும்போதே இன்லெட் வால்வு மூடிவிடுவதாகக் கொள்கிறது. எந்தக் கேம்ஷாஃப்டும் அப்படி மூடுவதில்லை. 1967ஆம் ஆண்டு மாடல் கமாரோவில் அறிமுகமான செவ்ரோலே 350 கன அங்குல எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டர் விட்டம் 4 அங்குலம், பிஸ்டன் ஓட்டம் 3.48 அங்குலம், கனெக்டிங் ராட் 5.7 அங்குலம். சாலைக்கேற்ற மிதமான கேம்ஷாஃப்ட், கீழ் முடிவுக்குப் பின் 60 பாகையில் இன்லெட் வால்வை மூடுவதாகக் கொள்வோம். அப்போது பிஸ்டன் ஓட்டத்தில் 81 சதவீதம் மீதமிருக்கிறது. வேகத்துக்கான கேம்ஷாஃப்ட் 75 பாகையில் மூடினால் மீதமிருப்பது 70 சதவீதமே. முழு ஓட்டத்தைக் கொண்டு கணக்கிடும் வடிவமைப்பு விகிதம் 10 என்றால், இப்படி மீதமுள்ள ஓட்டத்தைக் கொண்டு கணக்கிடும் செயல்படும் விகிதம் முன்னதில் ஏறத்தாழ 8.3, பின்னதில் 7.3. தொழிற்சாலை விகிதம் 8.5 உள்ள ஓர் எஞ்சினில் பின்னதைப் பொருத்தினால் அது 6.3க்கு விழும். 75 பாகைக் கேம்ஷாஃப்டோடு 8.3ஐ மீட்க வேண்டுமானால் வடிவமைப்பு விகிதத்தை 11.3க்கு மேல் உயர்த்த வேண்டியிருக்கும். அப்படி உயர்த்தினாலும் அமுக்கம்தான் திரும்பக் கிடைக்கும். குறைந்த வேகத்தில் இன்லெட் வழியே வெளியே தள்ளப்பட்ட காற்று திரும்பாது. 81க்கும் 70க்கும் உள்ள வேறுபாடு, சிலிண்டரில் சிக்கும் கலவையில் ஏறத்தாழ 13 சதவீத இழப்பு. ஒரு படி அமுக்கம் தரும் மூன்று சதவீதத்தால் இதை ஈடுகட்ட முடியாது. கேம்ஷாஃப்ட் தேர்வு விகிதத் தேர்வுக்கு முந்தியது என்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

இந்த இழப்பு விளம்பர எண்களில் தெரிவதில்லை என்பதை வரலாறு காட்டுகிறது. ஈயம் குறைந்த, ஈயமற்ற பெட்ரோலுக்கு ஆயத்தமாக, ஜெனரல் மோட்டார்ஸ் 1971ஆம் ஆண்டு மாடல்களில் அமுக்க விகிதத்தைக் குறைத்தது. கார்வெட்டின் எல்.டி.-1 எஞ்சின் அதே கேம்ஷாஃப்டோடு 11இலிருந்து 9க்கு இறங்கியது. அறிவிக்கப்பட்ட குதிரைத்திறன் 370இலிருந்து 330 ஆனது. இது 11 சதவீத வீழ்ச்சி. ஆனால் முதல் எண் நிமிடத்துக்கு 6,000 சுழற்சியிலும் இரண்டாவது 5,600 சுழற்சியிலும் குறிக்கப்பட்டவை. முறுக்குவிசையாக மாற்றினால் வேறுபாடு ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. 4,000 சுழற்சியில் குறிக்கப்பட்ட உச்ச முறுக்குவிசை 380இலிருந்து 360 அடி-பவுண்டாகக் குறைந்ததும் ஏறத்தாழ அதே அளவுதான். ஓட்டோ கணக்கு கணிப்பதும் ஐந்து சதவீதமே. அதாவது, சிலிண்டர் நன்றாக நிரம்பும் வேகங்களில் வாய்பாட்டின்படியே இழப்பு நேர்ந்தது. நகரச் சாலையில் வண்டி பெரும்பாலும் ஓடும் 1,500 முதல் 2,500 வரையிலான சுழற்சிகளைப் பற்றி அந்த எண்கள் எதுவும் சொல்லவில்லை. தாமதமாக மூடும் வால்வு அதிகம் பறிப்பது அங்கேதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. செயல்படும் விகிதம் வெறும் வடிவியல். அதிவேகத்தில் உள்ளே பாயும் காற்றின் உந்தம், பிஸ்டன் மேலேறிய பிறகும் சிலிண்டரை நிரப்பும். ஆகவே அந்த எண்ணுக்குப் பொருளில்லை என்பார்கள். மறுப்பின் முற்பகுதி சரி. அதனாலேயே அந்த எண்ணை உச்சத் திறனைக் கணிக்கப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் குறைந்த வேகத்தில் உந்தம் சிறிது. அங்கே வடிவியல் உண்மைக்கு அருகில் நிற்கிறது. இதன் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. பெரிய கேம்ஷாஃப்ட் அமுக்கத்தைக் கசியவிடும், ஆகவே எவ்வளவு உயர்ந்த விகிதமும் பம்ப் பெட்ரோலில் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. முறுக்குவிசை உச்சத்தை நெருங்கும்போது சிலிண்டர் முழுமையாக நிரம்புவதால் கசிவு தந்த பாதுகாப்பு அங்கே மறைந்துவிடும். செயல்படும் விகிதத்துக்கு, இரும்பு ஹெட்டில் பலர் கொள்ளும் 8 முதல் 8.5 வரையிலான எல்லை நடைமுறை வழிகாட்டியே தவிர, இயற்கை விதி அல்ல. எரியறையின் வடிவமும் இக்னிஷன் டைமிங்கும் குளிர்விப்பும் அந்த எல்லையை நகர்த்தும்.

விகிதத்தை எந்த வழியில் உயர்த்துகிறோம் என்பது, எவ்வளவு உயர்த்துகிறோம் என்பதைப் போலவே முக்கியம். வால்வுக் குழிகள் உள்ள தட்டையான பிஸ்டனும் 76 கன சென்டிமீட்டர் எரியறையும் 0.039 அங்குல கேஸ்கட்டும் கொண்ட 350இல், பிஸ்டன் பிளாக்கின் மேற்பரப்புக்கு 0.025 அங்குலம் கீழே நின்றால் விகிதம் ஏறத்தாழ 8.5. எரியறையை 64 ஆக்கினால் 9.6. பிளாக்கின் மேற்பரப்பைச் சீவிப் பிஸ்டனை அதன் மட்டத்துக்கே கொண்டுவந்தால் 10.1. கடைசி மாற்றம் தரும் அரைப் படியைவிடப் பெரிய பலன் ஒன்று அதில் உண்டு. பிஸ்டனுக்கும் ஹெட்டின் தட்டைப் பகுதிக்கும் இடையிலான இடுக்கு 1.6 மில்லிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. அங்கிருந்து பீய்ச்சப்படும் கலவை கொந்தளித்து விரைவாக எரிவதால், தானே பற்றிக்கொள்ள அவகாசம் குறைகிறது. உயரமான குவிமாடப் பிஸ்டன் அதே விகிதத்தைத் தந்தாலும் தீச்சுடரின் பாதையை மறிக்கிறது.

தொழிற்சாலையின் எண்களை மாற்றுவது பழைய காரின் அசல் தன்மையைக் கெடுக்கும் என்பது மற்றொரு மறுப்பு. அந்த எண்கள் ஈயம் கலந்த பெட்ரோலை நம்பி எழுதப்பட்டவை. 1996இல் அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு அது முற்றிலும் தடைசெய்யப்பட்டது. எரிபொருள் மாறிய பின் எண்ணை மட்டும் காப்பாற்றினால், எஞ்சின் அது கட்டப்பட்ட நோக்கத்தை இழக்கும். அசல் தன்மையை மதிப்பவர்களுக்கும் இங்கே சொன்ன வரிசை பயன்படும். பவர் பிரேக்குக்கு வேண்டிய வெற்றிடத்தை ஐட்லிங்கில் தரக்கூடியதும், பின் அச்சின் கியர் விகிதத்துக்குப் பொருந்துவதுமான மிகச் சிறிய கேம்ஷாஃப்டை முதலில் தேர்ந்தெடுக்கலாம். அதன் மூடும் பாகையைப் பாகைத் தட்டு வைத்து அளக்கலாம். எரியறையைத் திரவம் ஊற்றி அளக்கலாம். விகிதத்தைக் கடைசியில் தீர்மானிக்கலாம். இப்படிக் கட்டிய எஞ்சின், பட்டியலில் உள்ள பெரிய எண்கள் இரண்டையும் வாங்கிச் சேர்த்த எஞ்சினைவிட உச்சத் திறனில் சற்றுக் குறையலாம். சாலையில் அது செலவிடும் நேரத்தின் பெரும்பகுதியில் அதை மிஞ்சும். கையில் கிடைக்கும் பெட்ரோலில் பழுதின்றி நீடிக்கும்.