பொத்தானுக்குள் ஒரு வரலாறு



பொத்தானை அழுத்தினால் மணி ஒலிக்கிறது, விளக்கு எரிகிறது, திரையில் விண்கலம் பாய்கிறது. இடையில் என்ன நிகழ்கிறது என்று நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் விழிப்பர். பழைய விளையாட்டு இயந்திரங்களைப் போன்ற பொத்தான் பலகையை வீட்டிலேயே செய்ய விரும்பும் மாணவர்கள் இன்று நம் தமிழ்ப்பள்ளிகளிலும் உள்ளனர். அவர்களுக்கு வழிகாட்ட வேண்டுமாயின், முதலில் அந்தப் பொத்தானின் வரலாற்றை நாம் அறிந்திருத்தல் நலம்.

விசை பிறந்த கதை

1932ஆம் ஆண்டு அமெரிக்காவின் இலினாய் மாநிலத்து ஃபிரீபோர்ட் நகரில் பீட்டர் மெக்கால் என்பவர் ஒரு சிறு விசையை உருவாக்கினார். அதனுள் மெல்லிய வில்தகடு ஒன்று உண்டு. மெல்ல அழுத்தினாலும் வேகமாக அழுத்தினாலும், குறித்த ஓர் எல்லையைத் தாண்டியதும் அத்தகடு ‘டிக்’ என்று தாவி மறுமுனையைத் தொடும். இதனை மைக்ரோ சுவிட்ச் என்றனர். அப்பெயரில் இயங்கிய நிறுவனத்தை 1950இல் ஹனிவெல் வாங்கியது.

தொடக்கக் கால விளையாட்டு இயந்திரங்கள் பலவற்றில் இவ்விசை இல்லை. இரண்டு நீண்ட உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொடும் தகட்டு விசையே இருந்தது. ஓசை எழுப்பாது, ஆனால் தகடு வளையும், தொடுமுனையில் அழுக்குப் படியும். அவ்வப்போது துடைத்து நிமிர்த்த வேண்டும். பின்னர் மைக்ரோ சுவிட்ச் அதன் இடத்தைப் பிடித்தது. பழுதானால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினால் போதும்.

விளையாட்டுகளும் பொத்தானின் எண்ணிக்கையை மாற்றிக்கொண்டே வந்தன. 1972இல் வந்த ‘பாங்’ விளையாட்டுக்குத் திருகும் குமிழே போதுமாக இருந்தது. 1979இன் ‘ஆஸ்டிராய்ட்ஸ்’ ஐந்து பொத்தான்களைக் கொண்டிருந்தது. 1980இன் ‘பேக்மேன்’ ஒற்றைக் கைப்பிடியால் ஆடப்பட்டது. 1987இல் வெளிவந்த ‘ஸ்டிரீட் ஃபைட்டர்’ இயந்திரத்தின் ஒரு வகையில், அடிக்கும் வலிமையை அளக்கும் பெரிய அழுத்துதிண்டுகள் இரண்டு இருந்தன. ஆடுவோர் ஓங்கிக் குத்தியதில் திண்டுகள் பழுதாயின, கைகளும் நொந்தன. ஆகவே ஆறு பொத்தான்கள் கொண்ட இன்னொரு வகை பரவியது. 1991இல் அதன் இரண்டாம் பாகம் உலகப் புகழ்பெற்றபோது அந்த ஆறு பொத்தான் முறையே நிலைத்துவிட்டது.

நம் மாநிலமும் மின்னணுவும்

இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அயலானது என்று எண்ண வேண்டா. 1972இல் பினாங்கு பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கியபின், மின்னணு ஆலைகள் நாடெங்கும் பெருகின. நம் நெகிரி செம்பிலானிலும் சிரம்பான், செனவாங் வட்டாரங்களில் அவை எழுந்தன. சிரம்பானில் இருந்த மோட்டோரோலாவின் குறைகடத்தி ஆலை, 1999இல் அந்நிறுவனத்திலிருந்து பிரிந்த ஆன் செமிகண்டக்டரின் கீழ் வந்தது. துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டையில் சாம்சுங் நிறுவனம் தொலைக்காட்சிப் படக்குழாய்களைச் செய்தது. தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து நம் அக்காமார்களும் அண்ணன்மார்களும் ஆலைப் பேருந்தில் ஏறிச் சென்றனர்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். பால்மரம் சீவிய நம் பாட்டிமார் தம் தொழிலை முழுமையாக அறிந்திருந்தனர். கத்தியைத் தாமே தீட்டினர். ஆழமாக வெட்டினால் மரம் புண்படும், மேலோட்டமாக வெட்டினால் பால் குறையும் என்பது அவர்தம் மணிக்கட்டுக்குத் தெரியும். ஆலைக்குச் சென்ற தலைமுறைக்கோ ஒரு பொருளின் ஒரு சிறு பகுதியே கைக்கு வந்தது. ஊதியம் வீட்டுக்கு வந்தது; பொருளின் உள்ளறிவு வரவில்லை. இன்று தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மூன்றாம் தலைமுறை திரையைத் தடவ மட்டுமே கற்றால், நம் சமூகம் கருவியறிவை அடியோடு இழந்துவிடும் என்பதே என் கவலை.

வாங்குமுன் அறிய வேண்டியவை

1997இல் இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா ‘மேம்’ என்னும் மென்பொருளை வெளியிட்டார். பழைய விளையாட்டுகள் கணினியில் இயங்கத் தொடங்கவே, பொத்தான் பலகையை வீட்டில் செய்யும் வழக்கமும் பரவியது. செய்ய விழைவோர்க்குச் சில குறிப்புகள்:

1. துளையின் அளவு: சப்பானிய வகைப் பொத்தான்களுக்கு 30 அல்லது 24 மில்லிமீட்டர், அமெரிக்க வகைக்கு ஏறத்தாழ 28. பொத்தானைக் கையில் வாங்கி அளந்த பின்னரே பலகையைத் துளையிடுக.

2. பொருத்தும் முறை: அழுத்திச் செருகும் வகை மெல்லிய தகட்டுக்கு ஏற்றது. ஒட்டுப்பலகை தடிப்பானது, அதற்கு நீண்ட மரையும் திருகுவளையும் உள்ள வகையே நன்று.

3. முனைகள்: மூன்று முனைகள் இருந்தால், பொதுமுனையையும் அழுத்தும்போது இணையும் முனையையும் மட்டும் பயன்படுத்துக. முனையின் அகலம் 2.8 அல்லது 4.8 மில்லிமீட்டராக இருக்கும். அதற்கேற்ற செருகிகளை வாங்குக.

4. கருவிகள்: திருப்புளி, உருண்டை அரம், மணல்தாள் ஆகியவை மலிவானவையாய் இருந்தாலும் போதும். துளையிடும் வட்டவாளில் மட்டும் சிக்கனம் வேண்டா. கூர்மழுங்கினால் பலகை பிளக்கும், கையும் வழுக்கும். எளிய மின்னளவி ஒன்றும் தேவை. செருகிகளைப் பயன்படுத்தினால் ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோலே வேண்டியதில்லை.

5. பாதுகாப்பு: கணினியின் யுஎஸ்பி துளைவழி வரும் 5 வோல்ட் மின்சாரத்தில் மட்டுமே பிள்ளைகள் வேலை செய்யட்டும். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியைத் திறக்க விடாதீர்கள். மின்னிணைப்பைத் துண்டித்த பிறகும் அதனுள் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

பெற்றோர்க்கு ஒரு சொல். ‘விளையாட்டுப் பித்துத் தலைக்கேறாதா?’ என நீங்கள் தயங்குவது நியாயமே. ஆடும் நேரத்திற்கு வரம்பு வையுங்கள். செய்யும் ஆவலுக்கு வேண்டா. முதலில் ஒரு காலணிப் பெட்டியின் அட்டையில், ஒரே ஒரு பொத்தானோடு தொடங்கட்டும். மின்னளவியின் முள் அசையும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். 4ஆம் ஆண்டு முதல் நாம் நடத்தும் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ பாடம் ஏட்டிலிருந்து கைக்கு இறங்குவது அப்போதுதான்.