கைதொட்ட நாடியும் கண்கண்ட சிரையும்

நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, வாதம், பித்தம், ஐயம் என்னும் மூவகை நாடியையும் உணர்ந்து நோய் சொல்லுதல் நம் சித்த மருத்துவர்தம் பழைய வழக்கம். தோலுக்கு அடியில் ஓடும் குருதியைக் கண் காணாது, விரல் அறியும். காணாததை விரலால் அறிவது எத்துணை அரிய கலையோ, அத்துணை பிழைக்கும் இடமுள்ள கலையுமாகும். அறிவதோடு நில்லாமல், அந்தக் குழாய்க்குள் ஊசியையும் செலுத்த வேண்டும் என்றால் என் செய்வது? இவ்வினாவுக்கு விடை காண மருத்துவ உலகம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முயன்றது. அம்முயற்சியின் வரலாறு கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வாழும் தமிழர்க்கும் தொடர்பில்லாத ஒன்றன்று.

இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு செல்வன தமனிகள். இதயத்திற்கு அதனைத் திரும்பக் கொண்டு வருவன சிரைகள். கையிலுள்ள சிறு சிரை வன்மையான மருந்துகளைத் தாங்காது. சிறுநீரகம் பழுதுற்றவரின் இரத்தத்தைப் பொறியில் தூய்மை செய்ய வேண்டுமானால், நிமிடத்திற்கு நூற்றுக்கணக்கான மில்லிலிட்டர் இரத்தம் வெளியே வந்து மீள வேண்டும். அதற்கும் சிறு சிரை போதாது. ஆகவே கழுத்திலோ, காறை எலும்பின் கீழோ, தொடையிலோ உள்ள பெருஞ்சிரையில் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்துகின்றனர். கழுத்தின் வழியாகவோ காறை எலும்பின் கீழாகவோ செலுத்தும்போது அதன் நுனி இதயத்தின் வாயில் வரை சென்று நிற்கும். இதனையே மருத்துவர் கதீட்டர் என்பர்.

சொல்வது எளிது; செய்வது அரிது. கழுத்துச் சிரையின் அருகிலேயே மூளைக்குச் செல்லும் தமனி துடித்துக்கொண்டிருக்கிறது. சற்றுக் கீழே நுரையீரலின் உச்சி இருக்கிறது. ஊசி ஒரு விரற்கிடை விலகினால் தமனி குத்துப்படும், அல்லது நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்து மூச்சுத் திணறும். தோட்டப்புறத்தில் பால்மரம் சீவிப் பழகியவர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். கத்தி மேலோடு நின்றால் பால் வாராது. ஆழ இறங்கினால் மரத்தில் காயம் விழும். பட்டைக்கும் மரத்திற்கும் இடைப்பட்ட அந்த மெல்லிய அளவைத் தேர்ந்த கை அறியும். ஆனால் மரத்தில் விழுந்த காயம் நாளடைவில் ஆறும்; மனிதர் உடலில் நேரும் பிழை சில வேளைகளில் உயிரையே கொள்ளும்.

உடலின் உள்ளே காணும் கண்ணை முதலில் தந்தவர் செருமானிய அறிஞர் இரோன்ட்கன். 1895 நவம்பர் 8 இல் வூர்சுபர்க் நகரில் அவர் எக்ஸ்ரே கதிரைக் கண்டார். ஈராண்டு கழியுமுன்பே அக்கருவி மலாயாவுக்கும் வந்தது. 1897 இல் தைப்பிங் மருத்துவமனை அதனைப் பெற்றது. ஈய வயல்களின் நகரம் எனப் பெயர் பெற்ற தைப்பிங் இவ்வகையிலும் முந்திக்கொண்டது என்க.

எனினும் அந்தக் கண்ணைக் கொண்டு உயிருள்ள இதயத்திற்குள் குழாயை வழிநடத்தலாம் என எண்ணத் துணிந்தவர் வெர்னர் போர்சுமன் என்னும் இளைஞர். 1929 இல் எபர்சுவால்டு என்னும் சிற்றூர் மருத்துவமனையில் அவர் பயிற்சி மருத்துவராக இருந்தார்; அகவை இருபத்தைந்து. தலைமை மருத்துவர் அம்முயற்சிக்கு இசைவு தரவில்லை. போர்சுமன் தம் முழங்கை மடிப்பிலுள்ள சிரையைத் தாமே திறந்து, சிறுநீர்க் குழாய்க்கெனச் செய்யப்பட்ட 65 செண்டிமீட்டர் நீளமுள்ள கதீட்டரை உள்ளே செலுத்தினார். அந்நிலையிலேயே எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்றார். கண்ணாடி ஒன்றின் துணையால் ஒளிர்திரையில் குழாயின் போக்கைத் தாமே கண்டு, அதன் நுனி இதயத்தின் வலப்புற மேலறையை அடைந்ததைப் படமாகப் பதிவு செய்வித்தார்.

உலகம் அவரைப் போற்றியதா? இல்லை. பெர்லினில் பெரும்பெயர் பெற்ற அறுவை மருத்துவர் சவர்புரூக் அவரைப் பொருட்படுத்தவில்லை. போர்சுமன் சிறுநீரக நோய்த்துறைக்கு மாறினார். அவர் நாசிக் கட்சியில் சேர்ந்ததும் வரலாறு மறைக்கக் கூடாத உண்மையே. அவர் விட்ட இடத்திலிருந்து ஆய்வைத் தொடர்ந்தவர்கள் நியூயார்க்கின் கூர்நாந்தும் ரிச்சர்ட்சும். 1956 இல் மூவர்க்கும் நோபல் பரிசு ஒருங்கே வழங்கப்பட்டது.

1950களில் மேலும் இரண்டு படிகள் ஏறப்பட்டன. பிரெஞ்சு மருத்துவர் ஓபாநியாக் 1952 இல் காறை எலும்பின் கீழுள்ள சிரையை ஊசியால் அடையும் முறையை வெளியிட்டார். மறு ஆண்டு ஸ்டாக்கோமில் செல்டிங்கர் ஓர் எளிய உத்தியைத் தந்தார். முதலில் ஊசி, ஊசியின் வழியே மெல்லிய கம்பி, பின் ஊசியை உருவிவிட்டு, கம்பியைப் பற்றிக்கொண்டு குழாய். இவ்வளவே! ஆயினும் இன்றளவும் உலகெங்கும் கதீட்டர் செலுத்துவோர் பின்பற்றுவது இம்முறையைத்தான். 1961 இல் இலண்டனில் சால்டன் இதே உத்தியைக் கொண்டு தொடையில் குழாய் செலுத்தி இரத்தச் சுத்திகரிப்புச் செய்து காட்டினார்.

இக்கலை மலாயாவை எட்டிய காலமும் அதுவே. 1870 முதல் வளர்ந்து வந்த கோலாலம்பூர்ப் பொது மருத்துவமனையில் 1960களின் நடுவில் இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை தொடங்கியது. பிரிக்பீல்ட்சுக்கு அணித்தேயுள்ள பந்தாய்ப் பள்ளத்தாக்கில் பல்கலைக்கழக மருத்துவமனை 1967 இல் நோயாளிகளை ஏற்கலாயிற்று. 1969 இல் தேசியச் சிறுநீரக அறநிறுவனம் தோன்றியது.

அந்நாளைய மருத்துவர்க்கு எங்கும் வழிகாட்டி உடற்கூற்று அறிவே. கழுத்துத் தசையின் இரு கிளைகள் அமைக்கும் முக்கோணத்தை விரலால் தடவி, தமனியின் துடிப்பை ஒதுக்கி, இன்ன கோணத்தில் இன்ன திசையில் என்று கணக்கிட்டு ஊசியைச் செலுத்துவர். கருஞ்சிவப்பான இரத்தம் மெல்லக் கசிந்தால் சிரை. செந்நிறமாகப் பீறிட்டால் தமனி. எக்ஸ்ரே படமோ பெரும்பாலும் குழாய் உள்ளே சென்ற பின்னரே எடுக்கப்பெறும். அது நடந்ததைச் சொல்லும் சான்று. நடத்திச் செல்லும் வழிகாட்டி அன்று. சிரை எல்லார்க்கும் ஒரே இடத்தில் அமைவதில்லை. நூல் சொன்ன இடத்தில் சிரை இல்லாதவர்க்கு நூல் கற்ற மருத்துவரும் என் செய்வார்?

இக்குறையைத் தீர்த்தது ஒலி. மனிதச் செவிக்கு எட்டாத மீயொலியை எழுப்பவும் ஏற்கவும் வல்ல படிகப் பண்பைக் கியூரி உடன்பிறந்தார் 1880 இல் கண்டனர். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேட இலாஞ்செவின் அதனைப் பயன்கொள்ள முயன்றார். 1958 இல் கிளாசுகோவின் அயன் டொனால்டு அவ்வொலியால் வயிற்றினுள் உள்ளவற்றைப் படமாக்கிக் காட்டினார். 1978 இல் கழுத்துச் சிரையை ஒலியால் இடமறியும் முயற்சி அமெரிக்காவில் வெளியாயிற்று. 1986 இல் சப்பானிய மருத்துவர்கள், ஊசி இறங்கும்போதே அதனைத் திரையில் கண்டு செலுத்தும் முறையை வெளியிட்டனர்.

திரையில் தெரிவது என்ன? இரண்டு கரிய வட்டங்கள். கருவியைக் கழுத்தில் சற்றே அழுத்தினால் ஒன்று நசுங்கி மறையும். மற்றொன்று நசுங்காது துடிக்கும். நசுங்குவது சிரை, துடிப்பது தமனி. பள்ளிச் சிறுவர்க்கும் சொல்லி விளக்கத்தக்க இவ்வெளிய வேறுபாடே எண்ணற்ற உயிர்களைக் காத்து வருகிறது. 2002 இல் பிரிட்டனின் தேசிய மருத்துவச் சிறப்பு நிறுவனம், முன்கூட்டித் திட்டமிட்டுக் கழுத்துச் சிரையில் குழாய் செலுத்தும்போது இம்முறையையே விரும்பத்தக்கதாகப் பரிந்துரைத்தது.

ஆயினும் பழைய கண் பயனற்றுப் போகவில்லை. சிரைக்குள் நுழையும் இடத்தை மீயொலி காட்டும். குழாயின் நுனி எங்கே சென்று நின்றது என்பதை எக்ஸ்ரேயே தெளிவாகக் காட்டும். நெடுங்காலம் வைத்திருக்கும் சுத்திகரிப்புக் குழாயை ஒளிர்திரையில் பார்த்தபடியே செலுத்துவது வழக்கம். நுனி இதயத்தை நெருங்குவதை இதய மின்வரைவின் அலைமாற்றத்தைக் கொண்டு அறியும் முறையும் உண்டு. விரலின் அறிவும் வீணாகவில்லை. ஊசியின் உடலைக் கண்டு அதுவே நுனி என மயங்குவோர் திரையைப் பார்த்துக்கொண்டே தவறிழைப்பர். கருவி கண்ணைத் தரும்; பயிற்சியே பார்வையைத் தரும்.

இவ்வரலாறு நமக்கு ஏன் வேண்டும்? மலேசியாவில் புதிதாகச் சுத்திகரிப்புக்கு வருவோரில் பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவால் சிறுநீரகம் இழந்தவர்கள். கிள்ளான் பள்ளத்தாக்கெங்கும் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகியுள்ளன. அங்கே வாரம் மூன்று முறை, ஏறத்தாழ நான்கு மணி நேரம் அமர்ந்திருப்போரில் நம்மவரும் பலர். அவர்க்குச் சிரை என்பது வாழ்நாள் முதல். ஒவ்வொரு கதீட்டரும் அம்முதலில் சிறிது செலவழிக்கிறது. குழாய் கிடந்த சிரை சுருங்கலாம், கிருமி புகலாம். காறை எலும்பின் கீழ்ச் சிரை சுருங்கினால் அப்பக்கத்துக் கையும் பின்னாளில் பயன்படாது போகலாம். ஆதலின் வலப்புறக் கழுத்துச் சிரையை முதலில் நாடுவர். கூடியவரை, 1966 இல் நியூயார்க்கில் வெளியிடப்பட்ட முறைப்படி, கையிலேயே தமனியையும் சிரையையும் இணைத்து நிலையான வழி அமைப்பர். ஆனால் அவ்விணைப்பு முதிர்ந்து பயன்படப் பல வாரங்கள் ஆகும். சிறுநீரகம் முற்றும் ஓய்ந்த பின் மருத்துவமனைக்கு ஓடுவோர்க்குக் கழுத்துக் குழாயன்றி வேறு வழி இராது. முன்னரே குருதியையும் சிறுநீரையும் சோதித்துக் காலத்தே வருவோர்க்கே அந்த நல்வழி கிட்டும்.

காணாததைக் காண மருத்துவர் எக்ஸ்ரேயும் மீயொலியும் தேடிக் கண்டனர். உடலினுள் ஓசையின்றி வளரும் நோயைக் காலத்தில் காண நமக்கு அத்தகைய அரிய கருவிகள் தேவையில்லை. ஆண்டுக்கொரு முறை ஒரு துளிக் குருதியும் சிறிது சிறுநீரும் கொடுத்துச் சோதித்துக்கொள்ளும் கருத்திருந்தால் போதும். அக்கருத்தை வீடுதோறும் கொண்டு செல்லும் பணி மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று, ஆசிரியர்க்கும் உரியதே.