இத்தாலிய ஒழுங்கு வினையின் வரலாறு: 'பார்லாரே' என்னும் சொல்லின் திரிபுகளை முன்வைத்து ஒரு நோக்கு

இத்தாலிய மொழியைக் கற்கப் புகும் எவரும் முதலில் எதிர்கொள்வது வினைத்திரிபு அட்டவணையாகும். 'பேசுதல்' எனப் பொருள்படும் 'பார்லாரே' என்னும் சொல்லே அதற்குப் பெரும்பாலும் எடுத்துக்காட்டாகக் காட்டப்படுவது. பேசுவோனின் மனநிலையைப் புலப்படுத்தும் வினைப்பாங்குகள் நான்கு: கூற்று, விழைவு, நிபந்தனை, ஏவல். இவற்றோடு, நம் தொழிற்பெயர், பெயரெச்சம், வினையெச்சம் ஆகியவற்றுடன் ஒருவாறு ஒப்பிடத்தக்க மூன்றையும் சேர்த்துப் பாங்குகள் ஏழு எனப் பள்ளி இலக்கணங்கள் வகுக்கும். அவற்றுள் அடங்கும் கால வரிசைகள் 21. இவை அனைத்திலும் விதி பிறழாது செல்வதால் இது 'ஒழுங்கு வினை' எனப்படுகின்றது.

இவ்வொழுங்கு மொழியின் இயல்பிலேயே அமைந்தது போன்ற தோற்றத்தை அட்டவணை தருகின்றது. ஆயின் வரலாற்று நோக்கிற் பார்க்குமிடத்து, அதன் ஒவ்வொரு விகுதியும் வேறு வடிவங்களோடு போட்டியிட்டு நிலைபெற்றமை புலனாகும். அப்போட்டிகளுட் சில மக்களின் நாவிலே தீர்ந்தன. வேறு சில அறிஞரின் எழுதுபலகையிலே தீர்ந்தன. இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சொல்லின் தோற்றத்தை நோக்குவோம். செந்நெறி இலத்தீனிற் பேசுதலைக் குறித்த சொல் 'லோக்குயி' என்பது. செயப்பாட்டு வடிவும் செய்வினைப் பொருளும் கொண்ட இடர்மிகு வினை அது. மக்கள் வழக்கில் அது மறைய, அவ்விடத்தைப் 'பராபொலாரே' என்னும் புதுவினை பற்றிக்கொண்டது. 'பராபொலா' என்பது உவமை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். இயேசுவின் உவமைக் கதைகளைக் குறிக்கக் கிறித்தவ நூல்களில் வழங்கிய இச்சொல், நாளடைவில் 'சொல்', 'பேச்சு' எனப் பொருள் விரிந்தது. எனவே ஒழுங்கு வினைக்கு எடுத்துக்காட்டாக நிற்கும் இச்சொல்லே, ஒழுங்கற்ற பழைய வினையொன்றின் இடத்தில் வந்தமர்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. இலத்தீனின் நான்கு வினை வகுப்புகள் இத்தாலியத்தில் மூன்றாயின. அவற்றுள் '-ஆரே' வகுப்பே புதுச் சொற்களை எளிதில் ஏற்பது. தொலைபேசி வந்தபோது பிறந்த 'தெலெபொனாரே' என்னும் வினையும் இவ்வகுப்பிலேயே சேர்ந்தது.

இனி எதிர்காலத்தை நோக்குவோம். இலத்தீனின் எதிர்கால வடிவம் இத்தாலியத்தில் அறவே மறைந்தது. சொல்லிடையே நின்ற 'பி' ஒலி 'வி' ஒலியாக நெகிழ்ந்தபோது, 'அவன் நேசிப்பான்' எனப் பொருள்படும் 'அமாபித்' என்பதும், 'அவன் நேசித்தான்' எனப் பொருள்படும் 'அமாவித்' என்பதும் செவிக்கு ஒன்றாயின. எதிர்காலமும் இறந்தகாலமும் மயங்கும் மொழியில் ஒப்பந்தம் பேசுதல் அரிது. ஆதலின் மக்கள் வேறு வழி கண்டனர். தொழிற்பெயர் வடிவத்தோடு 'உடையேன்' எனப் பொருள்படும் 'ஹாபேயோ' என்னும் துணைவினையைச் சேர்த்து, 'பேசுதல் உடையேன்' என்னும் பொருளிற் கூறலாயினர். பேச்சுத் தமிழிற் 'பேசப் போகிறேன்' என எச்சத்தோடு துணைவினை சேர்ந்து எதிர்காலம் உணர்த்துதல் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. 7ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததும் பிரெடெகார் என்பவரின் பெயரால் வழங்குவதுமான வரலாற்றேட்டில், 'நீ தருவாய்' எனப் பொருள்படும் 'தாராஸ்' என்னும் இத்தகைய வடிவம் காணப்படுகின்றது. ஒரு நகரப் பெயரின் காரணத்தைக் கூறும் கதையில் அது இடம்பெறுகின்றது. இவ்வாறு இரு சொற்கள் ஒன்றாகிப் பிறந்ததே 'பார்லெரோ' (பேசுவேன்) என்பது. முறைப்படி இது 'பார்லரோ' என்றே அமைதல் வேண்டும்; சியெனா நகர வழக்கு அவ்வாறே கொண்டது. அழுத்தம் பெறாத 'அர்' என்பதை 'எர்' எனத் திரித்தல் புளோரன்ஸ் நகரத்தாரின் உச்சரிப்பு. அட்டவணையில் நிலைபெற்றது புளோரன்ஸின் வடிவமே.

நிபந்தனைப் பாங்கு இலத்தீனில் தனி வடிவாக இருந்ததில்லை. தஸ்கனிப் பகுதியினர் அதே தொழிற்பெயரோடு துணைவினையின் இறந்தகால வடிவத்தை இணைத்துப் 'பார்லெரேய்' (பேசியிருப்பேன், பேசுவேனாக) என்பதை ஆக்கிக்கொண்டனர். இதற்குப் போட்டியாக '-ஈயா' என முடியும் வடிவமொன்றும் வழங்கியது. 1250இல் மறைந்த இரண்டாம் பிரெடெரிக் மன்னனின் அவையைச் சார்ந்த சிசிலியக் கவிஞர் வழியாக அது தஸ்கனிக் கவிதையுள்ளும் புகுந்தது. உரைநடை அதனைக் கைவிட்ட பின்னரும், 19ஆம் நூற்றாண்டு வரை செய்யுளில் அது வாழ்ந்தது.

இறந்தகாலத்தில் இரு வடிவங்கள் அருகருகே நிற்கின்றன. இலத்தீனிலிருந்து வழிவழி வந்தது 'பார்லாய்' (பேசினேன்). மற்றையது 'ஓ பார்லாத்தோ' என்னும் கூட்டு வடிவம். 'பேசப்பட்டதை உடையேன்' என்பதே இதன் அடிப்பொருள். தமிழிற் 'பேசியிருக்கிறேன்' என 'இரு' என்னும் வினை செய்யும் பணியை, இங்கே உடைமை வினை செய்கின்றது. உடைமையைச் சுட்டத் தனி வினையின்றி, 'எனக்கு உண்டு' என நான்காம் வேற்றுமையாற் கூறும் தமிழர்க்கு, இவ்வமைப்பின் புதுமை எளிதிற் புலப்படும்.

இதுவரை கண்டவை பெரிதும் மக்கள் நாவில் நிகழ்ந்தவை. தன்மைப் பன்மை வடிவமும் அத்தகையதே. இலத்தீன் வழியில் 'பேசுகிறோம்' என்பது 'பார்லாமோ' என்றே வரவேண்டும். பழைய புளோரன்ஸ் வழக்கிலும் அவ்வடிவம் இருந்தது. உரோம் நகரப் பேச்சில் இன்றும் உள்ளது. ஆனால் 13ஆம் நூற்றாண்டிற் 'பேசுவோமாக' என்னும் விழைவுப் பாங்கிற்குரிய '-இயாமோ' விகுதி புளோரன்ஸிற் கூற்றுப் பாங்கிற்குள்ளும் பரவி, மூன்று வகுப்பு வினைகளையும் தன்வயப்படுத்தியது. தாந்தேயின் (1265-1321) ஆக்கங்களிற் பழைய விகுதி கொண்ட வடிவங்களும் புதியனவும் விரவிக் காணப்படுகின்றன. இன்று 'பார்லியாமோ' என்பது 'பேசுகிறோம்' என்பதற்கும் 'பேசுவோமாக' என்பதற்கும் பொதுவாக நிற்பதன் காரணம் இதுவே.

இத்தகைய வடிவங்களுள் எது சரியானது எனத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் எழுந்தமை அடுத்த கட்டமாகும். 1440ஆம் ஆண்டளவில் லெயோன் பத்திஸ்தா அல்பேர்த்தி புளோரன்ஸ் வழக்கிற்கு இலக்கணமொன்று வரைந்தார். 1516இல் அன்கோனாவிற் பொர்த்தூனியோவின் இலக்கணம் அச்சாயிற்று. இத்தாலிய மொழிக்கு அச்சில் வந்த முதல் இலக்கணம் அதுவே. ஆயினும் நிலையான செல்வாக்குப் பெற்றது, 1525இல் வெனிசில் வெளிவந்த பியெத்திரோ பெம்போவின் உரையாடல் நூலாகும். இலத்தீனுக்கு வேர்ஜிலும் சிசரோவும் போல, நாட்டுமொழிச் செய்யுளுக்குப் பெத்திரார்க்காவும் (1304-1374) உரைநடைக்குப் பொக்காச்சியோவும் (1313-1375) அளவுகோலாதல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

இக்கொள்கையின் விளைவை இரு விகுதிகளிற் காணலாம். 'பேசிக்கொண்டிருந்தேன்' என்பதற்கு இலத்தீன் வழி வந்த வடிவம் 'பார்லாவா'. இதுவே 'பேசிக்கொண்டிருந்தான்' என்பதற்கும் வடிவமாதலால் மயக்கம் நேர்ந்தது. அம்மயக்கத்தை நீக்கப் புளோரன்ஸ் மக்கள் தன்மை ஒருமையிற் 'பார்லாவோ' எனக் கூறலாயினர். அல்பேர்த்தி இவ்வழக்கைத் தம் இலக்கணத்திற் பதிவு செய்தார். அந்நூலின் இன்றுள்ள படி 1508இற் பெம்போவுக்காகவே எழுதப்பட்டது. அவ்வாறிருந்தும், பெம்போ பழைய ஆசிரியரின் 'பார்லாவா' என்னும் வடிவையே விதித்தார். இவ்வாறே 'பேசுகிறார்கள்' என்பதற்கு 15ஆம் நூற்றாண்டுப் புளோரன்ஸிற் பெருகிய 'பார்லொனோ' என்னும் வடிவம் தள்ளப்பட்டு, முன்னைய நூற்றாண்டின் 'பார்லனோ' நிலைநாட்டப்பட்டது. வெனிசைச் சேர்ந்த ஒருவர், உயிரோடிருந்த புளோரன்ஸ் மக்களின் பேச்சை மறுத்து, மறைந்த புளோரன்ஸ் ஆசிரியரின் எழுத்தைக் கொண்டு அவர்களுக்கே இலக்கணம் வகுத்தார் எனலாம். 1583இற் புளோரன்ஸில் தோன்றிய குருஸ்கா கழகமும் 1612இல் வெளிவந்த அதன் அகராதியும் 14ஆம் நூற்றாண்டு மொழிக்கே முதன்மை அளித்தன.

ஏறத்தாழ 300 ஆண்டுகளின் பின்னர், தன்மை ஒருமை விகுதியின் வழக்கு மீண்டும் விசாரணைக்கு வந்தது. மிலான் நகரத்தவரான அலெஸாந்திரோ மன்சோனி 1827இல் வெளியிட்ட தம் நாவலின் மொழியைப் புளோரன்ஸ் கற்றோரின் பேச்சிற்கிணங்கத் திருத்தி, 1840-1842இல் மீண்டும் வெளியிட்டார். '-ஆவா' என முடிந்த தன்மை வடிவங்கள் பெரும்பாலும் '-ஆவோ' என மாறின. அல்பேர்த்தி பதிவு செய்த வழக்கு நானூறு ஆண்டுகள் கழித்து எழுத்தில் ஏற்கப்பட்டது.

1861இல் இத்தாலி ஒரே அரசானபோது அவ்வட்டவணையின் சமூகப் பொருள் மாறியது. அன்று மக்களுள் நான்கில் மூன்று பங்கினர் எழுத்தறியாதோர். இத்தாலியம் பேச வல்லோர் நூற்றுக்கு 2.5 பேரே எனத் துல்லியோ தெ மௌரோ 1963இல் மதிப்பிட்டார். நூற்றுக்குப் பத்துப் பேரளவில் எனக் கஸ்தெல்லானி 1982இற் கணித்தார். எதனைக் கொள்ளினும், பெரும்பான்மையோர்க்கு நாட்டின் மொழி அயன்மொழியாகவே இருந்தது. 1868இல் அரசுக்கு அளித்த அறிக்கையில் மன்சோனி, புளோரன்ஸின் வழக்கையே நாடெங்கும் பரப்புதல் வேண்டும் என்றார். 1873இல் மொழியியலறிஞர் அஸ்கோலி இதனை மறுத்தார். அறிவு முயற்சி பரவுமிடத்தே மொழி ஒருமை தானாக விளையும். ஒரு நகரின் பேச்சை ஆணையால் ஊன்ற இயலாது என்பது அவர் வாதத்தின் சாரம். வரலாறு இருவர்க்கும் இடமளித்தது. 1877இல் வந்த கட்டாயக் கல்விச் சட்டமும், நகர்ப்புறக் குடிபெயர்வும், படைச் சேவையும், 1954இல் தொடங்கிய தொலைக்காட்சியும் சேர்ந்தே பொதுமொழியை வீடுகளுக்குக் கொண்டு சென்றன.

இதன் பயன் பெரிது. எனினும் அதற்குக் கொடுத்த விலையையும் மறத்தலாகாது. உரோமச் சிறுவனின் 'பார்லாமோ' இலத்தீனுக்கு நெருங்கிய வடிவம். பள்ளியில் அது பிழையாயிற்று. வரலாற்றில் தோற்ற வடிவம், வகுப்பறையில் அறியாமையின் அடையாளமாக மாறியது. தன் வீட்டாரின் பேச்சு இலக்கணமற்றது என மாணவன் நம்ப நேர்ந்தமையே இதிலுள்ள கேடு.

அட்டவணை இன்றும் அசைவற்றதன்று. வட இத்தாலியப் பேச்சிற் 'பார்லாய்' என்னும் வடிவம் ஏறக்குறைய வழக்கிறந்து, கூட்டு வடிவமே இறந்தகாலம் முழுவதையும் ஆள்கின்றது. சிசிலியிலோ அன்று காலை நிகழ்ந்ததற்கும் 'பார்லாய்' வகை வடிவம் வழங்குகின்றது. 'பேசியிருந்தால்' என்னும் நிபந்தனைத் தொடரில் விழைவுப் பாங்கிற்குப் பதிலாகப் 'பார்லாவோ' என்னும் எளிய வடிவம் பேச்சிற் பயில்கின்றது. பள்ளி அதனைத் திருத்துகின்றது.

தொகுத்து நோக்குமிடத்து, ஒழுங்கு வினை என்பது பிறழ்ச்சியற்ற வினையன்று. ஒரு காலத்துப் பிறழ்ச்சிகளுள் வெற்றி பெற்றவற்றின் தொகுதியே அது. 'ஹாபேயோ' சேர்ந்த எதிர்காலத்தைச் செந்நெறி இலத்தீன் ஆசிரியர் கேட்டிருப்பின் பிழையென்றே கொண்டிருப்பர். பொதுமொழிக்கு விதி வேண்டும். அதனைக் கற்பித்தலும் வேண்டும். ஆயின் விதி பிறந்த கதையையும் உடன் கற்பிக்கும் ஆசிரியர், மாணவனின் வீட்டு வழக்கை இழிவுபடுத்தாமலே பொதுவழக்கை அவனுக்கு உரித்தாக்குவார். எழுத்து வழக்கிற்கும் பேச்சு வழக்கிற்கும் இடையே அகன்ற வெளியினையுடைய தமிழைக் கற்பிப்போர்க்கும் இவ்வுண்மை பொருந்துவதே.